வடகத்துக்குப் பக்கத்து டின்

உங்கள் மூஞ்சிக்கு நீங்கள் என்ன போடுகிறீர்கள்? "ஒன்றுமில்லை, வெறும் தண்ணீர்தான்" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த வசனத்தை ஜார்ஜ்டவுன் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். ஆபீஸில் சொன்னேன். பாடாங் மைதானத்தில் ஹாக்கி ஆடிவிட்டுப் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்து சொன்னேன். வாசகசாலையில் நாலு பேர் பத்திரிகை படித்துக்கொண்டிருக்க, கேட்காதவனுக்கும் சேர்த்துச் சொன்னேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வசனத்தை எண்ணெயில் பொரித்து, என் கண்ணெதிரே வாழையிலையில் பரிமாறிவிட்டார்கள்.

எனக்கு இருபத்து மூன்று வயது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கதையே அதைப் பற்றித்தான்.

சிங்கப்பூரில் காலேஜில் படிக்கும்போது ஹாஸ்டலில் என் தலையணையில் தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்கிறது என்று கிண்டல் செய்தார்கள். ரோஷம் வந்துவிட்டது. எண்ணெய்ப் போத்தலைத் தூக்கி எறிந்தேன். தரை கழுவுகிற சிவப்புக் கார்பாலிக் சோப்பை முகத்துக்குப் போட ஆரம்பித்தேன். காலையில் ஒரு தேய், விளையாடி வந்ததும் ஒரு தேய், படுக்கப் போகும்போது ஒரு தேய். சவரம் செய்தபின் எரிகிற ஒரு செண்ட்டுத் தண்ணீரையும் அடித்துக்கொள்வேன். எரிந்தால் சுத்தம் என்று எனக்கு ஒரு சித்தாந்தம். பட்டம் வாங்கிப் பினாங்குக்குக் கப்பல் ஏறியபோது பட்டத்தோடு வேறொன்றும் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். மூக்கோரத்தில் வெள்ளை வெள்ளையாய்ச் செதில். சிரித்தால் வாயின் இரண்டு பக்கமும் கோடு. சிரிப்பை நிறுத்தினாலும் அந்தக் கோடு போகாது. கன்னத்தை நகத்தால் கீறினால் பலகையில் சாக்கட்டியால் எழுதிய மாதிரி எழுத்து விழும். இந்த ஊர்க் காற்றில் துணி காய மூன்று நாளாகும். என் முகம் மட்டும் எப்படிக் காய்ந்தது என்று அம்மாவுக்கு ஆச்சரியம்.

எனக்கென்ன கவலை? ஆண்பிள்ளை. அப்படித்தான் இருந்தேன், தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போன அந்த நாள் வரைக்கும்.

அதற்குமுன் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுங்கை பினாங்கில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் ஒரு தரம் பார்த்தேன். அம்மாவுக்குப் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். ஏதோ ஒரு பெரிய மனிதரின் பிரசங்கம். பாதியில் வாயைக்கூட மூடாமல் ஒரு கொட்டாவி விட்டு, "மிச்சமும் இதேதான்மா" என்று பக்கத்தைத் திருப்பினாள். அவ்வளவுதான். நான் விழுந்தேன். நானே ஜாடைமாடையாக அம்மாவிடம் சொல்லி, அம்மா அப்பாவிடம் சொல்லி, தரகர் மூலம் பேச்சு ஆரம்பித்தது. வாத்தியாருக்குச் சம்மதம். ஆனால் பெண்ணின் தாய்மாமன் தலையசைக்காமல் அந்த வீட்டில் ஒரு செம்புகூட இடம் மாறாது.

அந்த மாமனைத்தான் தண்ணீர்மலையில் பார்த்தோம். நானும் அண்ணனும் படி இறங்கி வருகிறோம். அண்ணன் துறைமுகத்தில் கணக்கு எழுதுகிற கிராணி. என்னைவிட ஆறு வயது பெரியவன். கல்யாணம் ஆகி, அண்ணி ஊரிலிருந்து கப்பலில் வந்து நாலைந்து மாதம்தான் ஆகிறது. இன்னார் வீட்டுப் பிள்ளைகள் என்று யாரோ காட்டியிருக்க வேண்டும், மாமன் கைகூப்பினார். பெரிய மீசை, எஸ்டேட்டில் கூலியாட்களை மேய்த்துப் பழகிய குரல். அண்ணன் தோளைத் தட்டி, "நீங்கதான் மாப்ளையா? நல்லது தம்பி" என்றார். பிறகு என்னைப் பார்த்து மரியாதையாய்க் குனிந்து, "மூத்தவரு நீங்களே முன்ன நின்னு நடத்தி வைக்கணும்" என்றார்.

அண்ணன் சிரித்தான். அன்று ராத்திரி சாப்பிடும்போதும் சிரித்தான். "மூத்தவரே, மோர் வேணுமா" என்று ஒரு வாரம் கேட்டான். அது போகட்டும். நான்தான் மாப்பிள்ளை என்று தெரிந்ததும் மாமன் தரகரிடம் சொல்லி அனுப்பியதுதான் வினை. பையன் வயதை மறைக்கிறார்களாம். அப்பா என் வயதைச் சத்தியம் செய்யாத குறையாய்ச் சொன்னார். "வாயால சொல்ற வயசு யாரு வேணா சொல்லலாம் லா. மூஞ்சி சொல்ற வயசுதான் வயசு" என்று, இந்த ஊர்ப் பேச்சு 'லா'வும் சேர்ந்து, பதில் வந்தது. கடைசியில் ஒரு மாதிரி ஒப்புக்கொண்டார். ஆடி கழியட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன், பையன் மூஞ்சியைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறேன், திருப்தி என்றால் உங்கள் வீட்டில் கை நனைக்கிறேன் என்றார்.

கை நனைப்பது என்றால் எங்கள் பக்கம் சும்மா சாப்பாடு இல்லை. சம்பந்தம் பேசுகிற வீட்டில் முடிவாகும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடமாட்டார்கள். சோற்றில் கை வைத்தால் சம்மதம். தின்று முடித்து இலையைத் தன் பக்கமாக மடித்தால் முடிந்தது விஷயம்.

ஆக, என் கல்யாணம் என் கன்னத்தில் தொங்கியது. ஆடி கழிய இன்னும் நாள் இருந்தது.

முதலில் முகத்துக்குப் பூசுகிற ஸ்னோ வாங்கினேன். சூலியா தெருவில், தெரிந்தவன் யாருமில்லாத கடையாகப் பார்த்து. வெள்ளைக் கண்ணாடி ஜாடியில் வெண்ணெய் மாதிரி இருந்தது. காலையில் பூசும்போது ராஜகளை. பீச் ஸ்திரீட் ஆபீஸுக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் வேர்வை வழிந்து முகத்தில் சாம்பல் கோடு கோடாய் இறங்கிவிட்டது. தலைமைக் கிளார்க் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். சுண்ணாம்பு உதிர்ந்து என்மேல் விழுந்துவிட்டது என்று நினைத்து, ஆள் அனுப்பி ஏணி வைத்துச் சரிபார்க்கச் சொன்னார். நான் ஆமாம் ஆமாம் என்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்ததாகத்தான் பெடாக்.

டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலி. அந்தப் பக்கம் ஒரு அக்கா. தகப்பனார் நாகூர்ப் பக்கத்துக்காரர், தாயார் மலாய்க்காரம்மா. அக்கா பெடாக் சிஜுக் செய்து விற்கிறவர். குருணையரிசியை ஜாடியில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, அது அழுகிக் கூழாகி, மாற்றி மாற்றித் தண்ணீர் விட்டு நாற்றம் போக அலசி, அந்த மாவைச் சொட்டுச் சொட்டாகத் தட்டில் வைத்து வெயிலில் காய வைப்பார். காய்ந்தால் வெள்ளை வெள்ளையாய் மிளகைவிடப் பெரிய சொட்டுகள். பாண்டான் இலையும் மல்லிகையும் போட்டு மூடி வைத்தால் மணக்கும். நாலைந்து சொட்டை உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் கரைத்து முகத்தில் பூசிப் படுக்க வேண்டியது. இந்த ஊர் மலாய்க்காரர், நோன்யாச் சீனர், தமிழர் என்று எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தெரியும். காய்ந்த பெடாக் மணக்கும். ஊறுகிற ஜாடி நாறும். காலேஜ் முடித்து வந்த புதிதில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, இது சுகாதாரக் கேடு, முனிசிபாலிட்டிக்கு எழுதுவேன் என்று கத்தியவன் நான்தான். அந்த அக்காவிடம்தான் போய் நின்றேன். அம்மாவுக்கு வேண்டும் என்றேன்.

"அம்மாவுக்கா? அம்மா வேணும்னா வேலிக்கு மேல கூப்டுக் கேப்பாங்களே" என்றார் அக்கா. என் மூக்கோரத்தைப் பார்த்தார். ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "அம்மாவ சோப்பு போடறத நிறுத்தச் சொல்லுங்க தம்பி. ஈரத்துல வைக்காதீங்க, பூஞ்சை புடிச்சுடும். முனிசிபாலிட்டி புடிச்சுக்கும்."

சோப்பை நிறுத்தினேன். ராத்திரி பெடாக். காலையில் அம்மா அரிசி கழுவிய தண்ணீரைக் கீழே கொட்டும் முன் குளியலறைக்குக் கடத்திப்போய் அதில் முகம் அலம்புவேன். துண்டால் தேய்க்காமல், ஈரம் இருக்கும்போதே ஒரே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை இரண்டு கையிலும் தடவி முகத்தில் ஒற்றுவேன். ஹாஸ்டலில் எறிந்த அதே எண்ணெய். ஹாக்கிக்குத் தொப்பி போட்டேன். கோப்பிக் கடையில் கோப்பிக்குப் பதில் பார்லித் தண்ணீர் கேட்டேன். பரீட்சைக்குக்கூட இவ்வளவு ஒழுங்காய் உட்கார்ந்ததில்லை.

வேலை செய்தது. அதுதான் கேடு. செதில் போயிற்று. கோடு மங்கியது. கன்னத்தில் நகம் வைத்தால் எழுத்து விழவில்லை. ஆபீஸில் எனக்கு எதிரில் உட்காருகிற ஒருவன், மத்தியானத்தில் கைக்குட்டைக்குள் பவுடர் வைத்து ஒற்றிக்கொள்கிறவன், ரகசியமாய் என்ன போடுகிறாய் என்று கேட்டான். வெறும் தண்ணீர் என்றேன். அதோடு விட்டேனா? ஆண்பிள்ளை மூஞ்சிக்கு மாவு பூசினால் அடுத்தது வளையல்தான் என்று ஆபீஸே கேட்கச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் கைக்குட்டையை மடித்து மேசைக்குள் போட்டான்.

ஈரத்தில் வைக்கக்கூடாது என்று அக்கா சொன்னாரல்லவா? மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் ஈரமில்லாத ஒரே இடம் அடுப்புக்கு மேலே சுவரில் அடித்த பலகை. அம்மா மிளகாய், அப்பளம், வடகம் எல்லாம் டின் டின்னாய் அங்கேதான் வைப்பார். நானும் பழைய பிஸ்கட் டின்னில் பெடாக்கைப் போட்டு எல்லாவற்றுக்கும் மேல்தட்டில், வடக டின்னுக்குப் பின்னால் வைத்தேன். அம்மாவுக்கு அந்தத் தட்டு எட்டாது. முக்காலி போட்டால்தான் உண்டு. அண்ணியை நான் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே உயரமானவர் அண்ணிதான்.

ஞாயிறு வந்தது. முந்தின நாள் ராத்திரி போட்டது போதாதென்று, ஆசை யாரை விட்டது, காலையிலும் ஒரு பூச்சுப் பூசி அவசரமாய்க் கழுவிக்கொண்டேன்.

வாத்தியார், அவர் சம்சாரம், மாமன் மூவரும் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்கள். மாமன் என்னை ஜன்னலோரமாய் உட்கார வைத்தார். ஆட்டுச் சந்தையில் பல் பார்ப்பதுபோல் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லவில்லை, அது ஒன்றுதான் குறை. நான் அசையவில்லை, சிரிக்கவில்லை, கோடு வந்துவிடும் என்று பயம். பிறகு வாத்தியாரிடம் திரும்பினார்.

"அன்னிக்கு மலையில வெயிலு. நான்தான் தப்பாப் பாத்துட்டேன் போலருக்கு. சின்னப் புள்ளதான் லா" என்றார். "இலையப் போடச் சொல்லுங்க."

அந்த நிமிஷம் செத்திருந்தால் நிம்மதியாய்ச் செத்திருப்பேன்.

கூடத்தில் இலை போட்டார்கள். அப்பா, அண்ணன், நான், வாத்தியார், மாமன் வரிசையாக. பெண்ணின் அம்மாவையும் வற்புறுத்திக் கடைசி இலையில் உட்கார வைத்தார்கள். அம்மா பரிமாற, அண்ணி அடுப்படியில். புகுந்த வீட்டில் அண்ணி தனியாய்ச் சமைத்த முதல் விருந்து அது. விடியற்காலையிலிருந்து ஒண்டி ஆளாய் நின்றார். மாமன் பருப்புச் சோற்றில் கை வைத்தார். அம்மா அடுப்படியைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தார். கை நனைந்தாயிற்று.

மாமனுக்கு வடகம் பிடிக்கும்போல. போட்டதெல்லாம் போயிற்று. "இன்னும் கொஞ்சம் வடகம்" என்று அம்மா குரல் கொடுத்தார். உள்ளே எண்ணெய் சலசலத்தது. பிறகு ஒரு வாசம் வந்தது. எண்ணெயில் மல்லிகை. எண்ணெயில் பாண்டான். வாயில் சோறு இருக்கும்போதே அது எந்த டின் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணி தட்டோடு வந்தார். மாமன் இலையில் தாராளமாய் ஒரு கை அள்ளி வைத்தார். அப்புறம் வாத்தியாருக்கு. அப்புறம் எனக்கு. பழுப்பேறி, ஒன்றுகூடப் பொரியாமல், அப்படியே சொட்டுச் சொட்டாய் என் இலையில் உட்கார்ந்திருந்தது. ஒன்றரை மாதமாய் நான் பூசிய என் மூஞ்சி.

மாமன் ஒரு பிடியை வாயில் போட்டுக் கடித்தார். நறநற என்று கேட்டது. மெல்லுவதை நிறுத்தினார். மரியாதைக்கு விழுங்கப் பார்த்தார், முடியவில்லை. மீசையில் வெள்ளைப் பொடி.

பெண்ணின் அம்மா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்தார். தெரிந்த வீட்டுப் பிள்ளையைச் சந்தையில் பார்த்தவர் மாதிரி, "இது பெடாக் சிஜுக் லா" என்றார்.

"நம்ம வீட்ல ஏது பெடாக்?" என்றார் அம்மா. பிறகு மெல்லத் திரும்பி அண்ணியைப் பார்த்தார். எல்லோருமே அண்ணியைப் பார்த்தார்கள். வீட்டில் இருக்கிற இளம்பெண் அவர் ஒருவர்தானே. "மூஞ்சிக்குப் பூசறத அடுப்புலயா கொண்டாந்து வைப்ப?"

"அது என்னன்னே எனக்குத் தெரியாது அத்தை. மேல்தட்டு டின்னுல இருந்துச்சு. எங்க ஊருல கிள்ளு வடகம் இப்படித்தான் இருக்கும்."

"தெரியாதத எடுத்து எதுக்குப் பொரிச்ச?" இது அண்ணன். விருந்தாளிகள் முன்னால், சம்சாரத்தைப் பார்த்து.

அண்ணி தட்டைப் பிடித்தபடி நின்றார். ஒரு தரம், ஒரே ஒரு தரம், என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு வார்த்தை போதும். என்னுடையது என்ற ஒரு வார்த்தை. வாசகசாலையில் மூன்று பாஷையில் பிரசங்கம் செய்கிற வாய் இது.

"பக்கத்து வீட்டு அக்கா மறந்து வச்சுட்டுப் போயிருப்பாங்க" என்றேன்.

அக்கா எங்கள் அடுப்படிக்குள் ஒருநாளும் வந்ததில்லை. அம்மாவுக்கு அது தெரியும். அம்மா வாயைத் திறப்பதற்குள் பெண்ணின் அம்மா என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, கொஞ்சம் அப்படித் திரும்புங்க."

திரும்பினேன். மாட்டேன் என்று சொல்லத் தோன்றவில்லை.

"காதுக்குப் பின்னாடி சரியாக் கழுவல நீங்க" என்றார்.

கையை வைத்துப் பார்த்தேன். விரலில் வெள்ளையாய் ஒட்டியது. காலைப் பூச்சு.

முதலில் வாத்தியார்தான் சிரித்தார். ரசம் புரையேறி, கண்ணில் நீர் வர, தலையில் தட்டிக்கொண்டே சிரித்தார். அப்பா இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அம்மா மறுபடியும் அண்ணியைப் பார்த்தார், இந்த முறை வேறு மாதிரி. அண்ணன் என்னை மூத்தவரே என்று கூப்பிடக்கூட இல்லை. மாமன் மட்டும் சிரிக்கவில்லை.

"வயசு சின்னதுன்னா இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார்.

அவர் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. இளமை என்று காட்டுவதற்காக நான் செய்ததெல்லாம் நான் கிழவன் என்பதற்குச் சாட்சியாகி அவர் இலையில் கிடந்தது. நான் பேசினேன். சும்மா இருந்திருக்கலாம், பேசினேன். தோலுக்கு ஈரப்பசை அவசியம், கார்பாலிக் சோப்பு அதை உறிஞ்சிவிடும், உஷ்ணப் பிரதேசத்தில் சூரிய ஒளி, ஹாஸ்டல் தண்ணீர். நடுநடுவே இங்கிலீஷ் வேறு. சொல்லச் சொல்ல வியர்த்தது. வியர்க்க வியர்க்கக் காதுப் பக்கம் ஏதோ வழிந்தது.

"படிச்ச புள்ள. நல்லாப் பேசுது" என்றார் மாமன். எழுந்தார். இலையை மடிக்கவில்லை.

அவர்கள் ரிக்‌ஷா தெரு திரும்பிய பிறகும் அந்த இலை திறந்தே கிடந்தது. எடுக்க யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் அண்ணிதான் எடுத்தார்.

அடுப்படிக்குப் போனேன். அண்ணி சட்டியிலிருந்து எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தார். அடியில் மாவு கட்டியாய்ப் படிந்திருந்தது.

"வாசமா இருந்துச்சா, விருந்தாளிக்குன்னு அத்தை தனியாச் செஞ்சு வச்சதுன்னு நெனச்சேன்" என்றார். என்னைப் பார்க்காமல் சட்டியைச் சுரண்டினார். "நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன் தம்பி."

"வாயில சோறு இருந்துச்சு அண்ணி" என்றேன்.

இப்படி ஒரு பதிலை இருபத்து மூன்று வயதில், பட்டம் வாங்கிய பிறகு, ஒருவன் சொல்வான் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். அண்ணி சட்டியைக் குழாயடிக்கு எடுத்துப்போய்விட்டார்.

வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? புதன்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பாடாங்கில் மட்டையைத் தூக்கிக்கொண்டு போனால், "டேய், இன்னிக்குப் பூசினதா பொரிச்சதா?" என்றான் கோல் காக்கிறவன். எல்லோரும் மட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆபீஸில் அந்தக் கைக்குட்டைக்காரன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் வழக்கம்போல் கைக்குட்டையை எடுத்தான், என்னைப் பார்த்தான், எழுந்து வெளியே போய் ஒற்றிக்கொண்டு வந்தான். அன்று சாயங்காலம் வரை நான் டைப் அடித்த கடிதம் ஒவ்வொன்றிலும் தப்பு.

வீட்டில் அம்மா அண்ணியை விடவில்லை. பெடாக் யாருடையதாய் இருந்தால் என்ன, பெடாக்குக்கும் வடகத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்தியை அடுப்படியில் விட்டதுதான் தப்பு என்பது அம்மாவின் கட்சி. உப்பை எடுத்தால், "மோந்து பாத்துப் போடு." மாவை எடுத்தால், "யாரு மூஞ்சி மாவோ." அண்ணி உம் கொட்டுவார். நான் பக்கத்து அறையில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டிருப்பேன். என்னை ஏசினால் பரவாயில்லை. என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. படித்த பிள்ளை, வேலைக்குப் போகிற பிள்ளை, அதன் பாட்டில் ஏதோ பூசிக்கொண்டது.

சுங்கை பினாங்கிலிருந்து தரகர் ஒரு செய்தியும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. பெண்ணின் அம்மா அவருடைய பழைய வாடிக்கையாம். அக்கா வேலியருகே என்னைக் கூப்பிட்டு, அந்த வீட்டில் நடப்பதைச் சொன்னார். கை நனைத்தாயிற்று, சம்பந்தம் முடிந்தது என்கிறாராம் வாத்தியார். இலை மடிக்கவில்லை, முடியவில்லை என்கிறாராம் மாமன். இரண்டு பேரும் தினமும் இதே சண்டையாம். பெண்ணுக்கு விஷயம் தெரிந்ததும் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாளாம். இது வரைக்கும் கேட்டு எனக்கே சிரிப்பு வந்தது.

"அப்புறம் எந்திரிச்சு உக்காந்து ஒண்ணு கேட்டுச்சாம்" என்றார் அக்கா. "அந்த அண்ணிய எல்லாரும் ஏசும்போது அவரு என்ன செஞ்சாருன்னு. அம்மாக்காரி எனக்கு என்னம்மா தெரியும், நீயே கேட்டுக்கன்னு சொல்லிட்டாங்களாம். என்ன சொல்லட்டும் தம்பி?"

பெண்ணின் அம்மா அன்றைக்கு எங்கள் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். பதில் என் வாயிலிருந்தே வரட்டும் என்றுதான் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்.

வேலியில் துரு உதிர்கிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாமன் கேட்டதற்கு மூன்று பாஷையில் பதில் வைத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டவர். இந்தப் பெண் என்னை ஒரு தரம்கூட உற்றுப் பார்த்திருக்கமாட்டாள்.

"ஒண்ணும் செய்யலன்னு சொல்லுங்க அக்கா" என்றேன். "பக்கத்து வீட்டு மேல பழி போட்டாருன்னும் சொல்லுங்க."

"என் மேலயா?" என்றார் அக்கா. அதுவரை அவருக்கு அது தெரியாது. கொஞ்சம் யோசித்தார். "அதையும் சேத்தே சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்கு அவர் பெடாக் விற்கவில்லை.

நாலைந்து நாள் கழித்துத் தரகர் வந்தார். வருகிற ஞாயிறு மாமன் மறுபடி வருகிறார். அதுவரை பையன் முகத்தில் மாவு ஒரு பொட்டுக்கூடப் படக்கூடாது. உள்ளபடி பார்க்க வேண்டும். பெண்ணும் கூட வருகிறாள். இது எங்கள் பக்கம் வழக்கமே இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் வந்து எட்டிப்பார்ப்பதாவது. அப்பா தயங்கினார். அவளே வருவேன் என்று நின்றுவிட்டாளாம், யாரைப் பார்க்க என்று கேட்டால் அண்ணியை என்றாளாம்.

அம்மா உடனே ஏற்பாட்டில் இறங்கினார். சமையலுக்குத் தெரிந்த ஆள் ஒருத்தியைக் கூப்பிடலாம், இவள் அன்றைக்குக் கொல்லைப்பக்கம் இருக்கட்டும் என்றார். அண்ணி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் பத்திரிகையை மடித்தேன்.

"அண்ணியே பொரிக்கட்டும்மா" என்றேன்.

"அப்ப உன் மூஞ்சிய அடுப்படியில வைக்காத" என்றார் அம்மா. அவர் என்னை ஏசியது அதுதான் முதல் தரம். அடுத்து நான் சொன்னதெல்லாம் அவ்வளவு நன்றாக வரவில்லை. டின் என்னுடையது, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், அண்ணியை இனிமேல் அதற்காக ஒன்றும் சொல்லாதீர்கள் என்று சொன்னதாக ஞாபகம். அண்ணன் எழுந்து வாசலுக்குப் போனான். அண்ணி முறத்தில் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. மன்னித்தாரா இல்லையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்கிற உரிமையும் இல்லை.

பெடாக் போடாமல் இந்த மழைக்காற்றிலும் கன்னம் மறுபடி இழுக்கிறது. இன்று அந்த ஞாயிறு. காலையில் கண்ணாடியில் பார்த்தேன். மூக்கோரம் லேசாய் வெளுத்திருக்கிறது, சிரித்தால் கோடு தெரிகிறது. மாமன் தடுத்தது மாவைத்தானே, எண்ணெயை இல்லையே என்று ஒரு சொட்டு எடுத்தேன். பிறகு போத்தலிலேயே விட்டுவிட்டேன். காதுக்குப் பின்னால் மட்டும் இரண்டு தரம் கழுவினேன்.

அண்ணி வடகம் பொரிக்க அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டார்.